மார்கழியில் திரும்பி வந்தவருக்கு

நேற்றுப் பின்னேரம் மழை விட்ட கையோடு சீனக்குடாப் பக்கமிருந்து காற்றுத் திரும்பியது. அதில் எண்ணெய் மணம் இருந்தது. அங்கே எந்த எண்ணெய்த் தாங்கியோ கசிகிறதாக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு "என்ன நாத்தம் இது" என்று யன்னலைச் சாத்தினாள். நான் சாத்தவில்லை. முற்றத்தில் நின்றபடியே நின்றேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. அந்த மணம் வந்தால் எனக்குக் கைகால் ஓடாது. உங்களை முதல் தடவை இழந்தது அந்த மணத்துக்குள்தான்.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று கனகாலம் நினைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் எழுத வேண்டும். செத்தவருக்கு எழுதுகிறாளே என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். உங்கள் விசயத்தில் செத்தது எப்போது, இருந்தது எப்போது என்று ஊருக்கு என்றைக்குத் தெரிந்தது?

நீங்கள் கப்பல் வேலைக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. சண்டை தொடங்கியதும் குடாவுக்குள் வள்ளம் விடக்கூடாது, கரைவலை இழுக்கக்கூடாது என்று நேவிக்காரர் மறித்துவிட்டார்கள். எங்கள் சல்லி ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரியவில்லை. நீங்கள் முதலில் நேவிக் குசினிக்குத் தேங்காய் உரிக்கப் போனீர்கள். பிறகு வெங்காயம் வெட்டினீர்கள். கப்பல் குசினிக்கு ஆள் தேவை என்றபோது பேரைக் கொடுத்துவிட்டு வந்து, வேலிப் படலையில் கையை வைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

"சிங்கப்பூருக்காம். போட்டு வாறன்."

"கடலெல்லாம் குண்டு போடுறாங்களாம். விளையாடுறியளோ?"

"எடியே கண்மணி, வெள்ளைக்காரன்ரை கப்பல் தாழாது. அவன்ரை ராச்சியம் மாதிரி. தாழுறதெண்டால் எப்பவோ தாழ்ந்திருக்கும்."

உங்களுக்கு அவர்கள் மேல் அன்பு இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெயில் மேல் நமக்கு அன்பா? அது இருக்கும், நாம் நிழல் தேடிக்கொள்வோம், அவ்வளவுதான். வெள்ளைக்காரரும் அப்படித்தான் என்று நினைத்திருந்தோம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் உங்கள் தாயாரும்தான். அடுத்த வளவில் உங்கள் தம்பி. இந்த மூன்று பேரையும் விட்டுவிட்டுக் கடலைத் தாண்டிப் போனீர்கள்.

வருசம் திரும்பி மாசி வந்தது. மீன் விற்கப் போன இடத்தில் தேத்தண்ணிக் கடைக்காரர் சொன்னார், சிங்கப்பூர் விழுந்துவிட்டதாம் என்று. ஓர் ஊர் எப்படி விழும் என்று எனக்கு விளங்கவில்லை. கடைக்காரருக்கும் விளங்கவில்லை. "வெள்ளைக்காரன் கையைத் தூக்கிப்போட்டானாம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, அதைத் தான் சொல்லவில்லை என்பது போல மேசையைத் துடைத்தார்.

பங்குனியில் உங்கள் கப்பல் வந்தது. புகைபோக்கியைப் பார்த்தே எனக்குத் தெரியும். மீன் கடகத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். துறைமுக வாசலில் காவல் நின்றவன் யாரும் கரைக்கு இறங்கவில்லை, போ போ என்றான். நான் போகவில்லை. வெயில் சாயுமட்டும் நின்றேன். தூரத்தில் கப்பல் விளிம்பில் ஒருவன் கையசைத்தான். நீங்கள்தான் என்று நானும் கையசைத்தேன். சேலைத் தலைப்பை எடுத்து வீசினேன். அவன் இன்னும் பலமாக அசைத்தான். அந்தச் சந்தோசத்தோடு வீட்டுக்கு வந்து மாமிக்குச் சொன்னேன், உங்கடை மகன் மெலியேல்லை, நல்லா இருக்கிறார் என்று.

அந்தக் கப்பல் மற்றக் கப்பல்களோடு பொழுது படும்போது வெளியே போய்விட்டது. விடிந்ததும் குண்டு விழுந்தது.

நான் கடகத்தோடு நகரத்துக்குப் போகிற வழியில் இருந்தேன். ஆகாயத்தில் பறவைக் கூட்டம் போல வந்தன. வீதியோரத் தண்ணீர்க் கானுக்குள் குதித்தேன். எனக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வந்து விழுந்தார். பார்த்தால் ஒரு துரை. தோளில் பட்டி, தலையில் தொப்பி இல்லை. ஒவ்வொரு வெடிக்கும் என் கையைப் பிடித்து இறுக்கினார். என் கையை, ஒரு மீன்காரியின் கையை. விமானங்கள் போன பிறகு கையை உதறி எடுத்துக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார். அன்றைக்கு அந்தக் கானுக்குள் எனக்கு ஒன்று விளங்கியது. வெயிலுக்கும் பயம் இருக்கிறது.

சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது. நாள் கணக்கில் எரிந்தது. பகலிலும் சூரியன் தெரியவில்லை, வாயில் வைத்த சோற்றிலும் அந்த மணம். சனமெல்லாம் ஊரைவிட்டு ஓடியது. நாங்கள் வள்ளத்தில் கொட்டியாரக் குடாவைத் தாண்டி ஈச்சிலம்பற்றில் மாமியின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனோம். சல்லிக் கோயில் வண்ணக்கரும் எங்களோடு வந்தார். கோயில் காரியம் பார்க்கிறவர் என்பதால் நல்லது கெட்டதுக்கு அவர் சொல்வதுதான் எங்களுக்குச் சட்டம். அங்கே வைத்துத்தான் சேதி வந்தது. வெளியே போன கப்பல்களைத் தெற்குக் கடலில் வைத்துத் தாழ்த்திப்போட்டார்களாம். உங்கள் கப்பலும் போய்விட்டதாம்.

மாமி கத்தவில்லை. கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் போவார், பொழுதுபட்டால் இழுத்துக்கொண்டு வருவோம். "கடல் என்ரை பிள்ளையைத் தரும். தராமல் விடாது" என்பதுதான் கதை.

கடல் ஓர் உடம்பைத் தந்தது.

அதை நான் எழுதத்தான் வேண்டும். உங்களுக்கு அப்போது சிரிப்பாக இருந்தது, எனக்கு இன்றைக்கும் இல்லை. தலையிலிருந்து கால் வரை கரிய எண்ணெய். முகம் முகமாக இல்லை. விரல்களை மீன் தின்றிருந்தது. மயிர் என்ன நிறம், தோல் என்ன நிறம் என்று யாராலும் சொல்ல ஏலாது. இடுப்பில் கப்பல்காரர் கட்டுகிற பட்டி இருந்தது. வண்ணக்கர் என்னைப் பார்த்து, "பிள்ளை, பார். உன்ரை மனுசனோ?" என்றார். எனக்குத் தெரியேல்லை என்றேன். தெரியவில்லைதான். மாமி அந்தத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சேலையெல்லாம் எண்ணெய். "இவள் நேற்று வந்தவள், இவளுக்கென்ன தெரியும்? பெத்த வயிறுக்குத் தெரியாதோ?" என்றார். பிறகு யார் பேசுவது?

சிதை அடுக்கும்போது விறகு குட்டையாகப் போய்விட்டது, கால் வெளியே நீண்டது. உங்கள் தம்பி, "அம்மா, அண்ணை இவ்வளவு உயரமில்லையே" என்றான். "கப்பல் சாப்பாட்டிலை வளர்ந்திட்டான்" என்றார் மாமி. தம்பி கொள்ளி வைத்தான். மாமி என் தாலியைக் கழற்றினார். என் நெற்றியை ஈரக் கையால் துடைத்தார். அந்தக் கையிலும் எண்ணெய் இருந்தது.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். சண்டைக் காலத்தில் நண்டு கிடைக்கவில்லை, தம்பி களப்பில் இறங்கித் தேடிப் பிடித்து வந்தான். ஊர் அடங்கியதும் திரும்பி வந்து, கடைசிக் கிரியையான அந்தியேட்டிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்குப் போனோம். அந்தக் கிணறுகளின் கதை உங்களுக்குத் தெரியும். தாய் செத்தாள் என்று பொய் கேட்ட அரசன் ஒருவன், உயிரோடு இருந்தவளுக்குக் கடன் கழித்த இடம். அந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர்கள்தான் நாங்கள் எல்லோரும். அன்றைக்கு ஒருவருக்கும் நினைவு வரவில்லை. ஐயர் உங்களை உங்கள் அப்பாவோடும் பாட்டனோடும் சேர்த்து வைத்தார். எள்ளும் தண்ணீரும் விட்டு, முழுகி, வீட்டுக்கு வந்தோம். அத்தோடு நீங்கள் முடிந்தீர்கள்.

அந்த நேரம் நீங்கள் சிங்கப்பூரில் கம்பி வேலிக்குள் புழு அரித்த அரிசி தின்றுகொண்டிருந்தீர்கள். காய்ச்சலென்று உங்களை ஆசுப்பத்திரியில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அதை எனக்குச் சொல்ல ஒரு மனிதன் இல்லாமல் போனானே.

பிறகு வந்த காலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. திருகோணமலை முழுக்கப் பட்டாளம். இந்தியச் சிப்பாய்களும் வந்தார்கள். மதுரைப் பக்கத்து ஆள் ஒருவன் என்னிடம் மீன் வாங்குவான். ஒருநாள் கடகத்துக்கு முன்னால் குந்திக்கொண்டு, மீனைத் தொடாமல், "எங்க தலைவர்களைப் பூரா பிடிச்சு உள்ளே வச்சுட்டாங்கம்மா. நான் வெள்ளைக்காரன் சட்டையப் போட்டுக்கிட்டு அவனுக்கே காவல் நிக்கிறேன்" என்று சொன்னான். கண் கலங்கியிருந்தது. ஒரு சூடை மீன் கூடப் போட்டுக் கொடுத்தேன்.

தேத்தண்ணிக் கடையில் கதவைச் சாத்திவிட்டு ஆண்கள் றேடியோ கேட்பார்கள். கேட்டால் பிடித்துக்கொண்டு போவான் என்று ஒருவன் வெளியில் நிற்பான். கடல் தாண்டி யாரோ பெரிய தலைவர் பேசுகிறாராம், வெள்ளைக்காரனை விரட்டப் பட்டாளம் கட்டுகிறாராம். "இனி இவங்கடை கதை முடிஞ்சுது" என்று கடைக்காரர் சொல்வார். நான் வெள்ளைச் சேலையோடு அந்தக் கடையைத் தாண்டி எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அந்தப் பட்டாளத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சண்டை முடிந்து வந்த மார்கழி. மழை விடாமல் பெய்தது. கடல் கொதித்தது, ஒரு வள்ளமும் இறங்கவில்லை. நான் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றேன். படலைக்கு வெளியே ஒரு ஆள், தாடியும் வீங்கின காலும். பிச்சை என்று நினைத்தேன்.

"கண்மணி, நான் வந்திட்டன்" என்றீர்கள். பிறகு என் சேலையைப் பார்த்தீர்கள். "ஆர் செத்தது? அம்மாவோ?" என்று கேட்டீர்கள்.

வாளி கிணற்றுக்குள் விழுந்தது. நான் வாயைத் திறக்க முதல் பக்கத்து வீட்டுப் பெண்டுகள் ஐயோ என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். மாமி வாசலுக்கு வந்தார். நீங்கள் "அம்மா" என்று கிட்டப் போனீர்கள். அவர் கையை நீட்டி மறித்தார். "என்ரை பிள்ளையை நான் என்ரை கையாலை எரிச்சுப்போட்டன். அவன்ரை குரலிலை ஏதோ வந்து நிக்குது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். பெற்ற வயிறுக்குத் தெரியும் என்று ஊரறியச் சொன்னவர். அந்தச் சொல்லை எப்படித் திருப்பி எடுப்பார்?

வண்ணக்கர் வந்து உங்களைத் தொட்டுப் பார்த்தார். அவர் நம்பினார். அழுதார். ஆனால் என்ன சொன்னார்?

"தம்பி, நீ உயிரோடைதான் இருக்கிறாய், ஓம். ஆனா அந்தியேட்டி முடிச்சாச்சு. பிதிரரோடை சேத்த ஆளை வீட்டுக்குள்ளை எடுக்க ஏலாது. வழி இருக்கு, ஐயர் சொல்லுவார். நீ புதுசாப் பிறக்கவேணும். பிறந்த பிள்ளைக்குச் செய்யிற சடங்கு செய்து, பேர் வைச்சு, இவளுக்குத் திரும்பத் தாலி கட்டவேணும்."

"கட்டுறன். நாளைக்கே கட்டுறன்."

"மார்கழியிலையோ? மார்கழியிலை நல்ல காரியம் செய்யிற ஊரோ இது? தை பிறக்கட்டும். அதுவரைக்கும் வாடியிலை இரு."

வாடி என்றால் கடற்கரையில் வலை வைக்கிற கொட்டில். கடல் கொதிக்கிற காலத்தில் அங்கே ஒரு மனிதனும் போகமாட்டான். கூரையிலும் ஓட்டை. அதற்குள் உங்களை இருத்தினார்கள். நான் சாப்பாடு கொண்டுபோய் வாசலில் வைக்கலாம், உள்ளே போகக்கூடாது. நான் இன்னும் கைம்பெண், நீங்கள் இன்னும் பிறக்காதவர்.

பின்னேரங்களில் வாடியின் தென்னோலைக் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். என் வாழ்க்கையில் நீங்கள் என்னோடு அவ்வளவு கதைத்தது அப்போதுதான். கலியாணம் கட்டின புதிதில்கூட அப்படிக் கதைக்கவில்லை.

"என்ரை செத்தவீட்டுக்கு ஆர் ஆர் வந்தவை?"

"எல்லாரும் வந்தவை."

"பெரியப்பா வந்தவரோ? வேலிச் சண்டையிலை என்ரை செத்தவீட்டுக்கும் வரமாட்டன் எண்டவர்."

"வந்தவர். அழுதவர்."

"அப்ப மன்னிச்சுவிட்டன். எட்டுக்கு என்ன படைச்சனீங்கள்?"

"நண்டுக் கறி."

"அடி பாவி! உயிரோடை இருக்கேக்கை ஒரு கால் கூடத் தாவெண்டு கெஞ்சினனான். செத்தாப் பிறகு முழு நண்டோ!"

அந்த உடம்பைப் பற்றியும் கேட்டீர்கள். சிதையில் கால் நீண்டதைச் சொன்னேன். மாமி சொன்னதையும் சொன்னேன். நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். இருமல் வருமட்டும் சிரித்தீர்கள். "எடியே, அது துரையடி! கப்பலிலை இருந்த வெள்ளையன் ஒருத்தன். துரைக்குச் சல்லியார் கொள்ளி வைச்சு, எள்ளுத் தண்ணி விட்டு, நண்டுக் கறியும் படைச்சு... ராசாவுக்குத் தெரிஞ்சால் உங்களுக்குப் பதக்கம் தருவார்." சிரித்து முடிந்ததும் கேட்டீர்கள். "அவனுக்கும் தாய் இருப்பாள் என்ன? எந்தக் கரையிலை நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறாளோ."

அவர்களோடு சண்டை பிடித்துவிட்டு வந்த மனிதன் நீங்கள். அதை நான் மறக்கவில்லை.

பட்டாளத்தில் சேர்ந்த கதையை நான் கேட்டபோது இப்படிச் சொன்னீர்கள். "கம்பிக்குள்ளை வந்து கேட்டாங்கள், உன்ரை ஊர் எது எண்டு. திருகோணமலை எண்டன். அது இந்தியாவிலை எந்தப் பக்கம் எண்டான். தண்ணிக்கு இஞ்சாலை எண்டன். கிட்டத்தான் எண்டு சேத்துப்போட்டான்." ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "துரைமார் சிங்கப்பூர்த் தெருவைக் கூட்டினதை நான் கண்ணாலை கண்டனான், கண்மணி. விளக்குமாறு பிடிக்கத் தெரியேல்லை. அதைக் கண்டாப் பிறகு பழையபடி அவங்கடை குசினியிலை வெங்காயம் வெட்ட மனம் வரேல்லை. இந்தியாவை விட்டு அவன் போனால், இஞ்சையிருந்தும் போவான்." பர்மாக் காட்டில் புல்லை அவித்துத் தின்றதையும், கூட நின்றவர்கள் வழி நெடுகச் செத்து விழுந்ததையும் சொன்னீர்கள். தோற்றுப் பிடிபட்டபோது, ராசாவுக்குத் துரோகம் செய்தவன் என்று வெள்ளையன் உங்கள் கன்னத்தில் அடித்ததையும் சொன்னீர்கள். பிறகு விட்டபோது சென்னை ஸ்டேசனில் முன்பின் தெரியாத சனம் உங்களுக்கு மாலை போட்டுக் காலைத் தொட்டதாம். "அங்கை மாலை. இஞ்சை கதவு" என்றீர்கள். அதற்கு மேல் அந்தக் கதையை எடுக்கவில்லை.

உங்கள் காலின் வீக்கம் மேலே ஏறிக்கொண்டு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்க் காய்ச்சல். மழைத் தண்ணீர் பாய்க்குள் வந்தது. நான் சொன்னேன், வாருங்கோ வீட்டுக்கு, ஊர் என்ன செய்யும், பாப்பம் என்று. நீங்கள் மாட்டேன் என்றீர்கள்.

"உன்னை ஒதுக்கிப்போடுவினம் கண்மணி. கிணத்திலை தண்ணி அள்ள விடமாட்டினம். எனக்கு ஏதும் நடந்தால் நீ எங்கை போவாய்? தை வர எவ்வளவு நாள்? பர்மாவிலையே தப்பினனான்."

"வெள்ளைக்காரன்ரை துவக்குக்குப் பயப்படாத ஆள், வண்ணக்கருக்குப் பயப்படுறியளோ?"

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. உங்கள் மேல்தான் கோபம். வேறு யார் மேல் கோபப்பட எனக்கு உரிமை?

மார்கழி முடிகிற நேரம். அன்றைக்கு மத்தியானம் கிடுகுக்குள்ளால் கூப்பிட்டீர்கள். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போல வந்தது. "கண்மணி, ஒருக்காக் குங்குமம் வைச்சுக்கொண்டு வா. உன்னை முந்தி மாதிரிப் பாக்கவேணும் போலை கிடக்கு."

நான் ஓடினேன். இரண்டு கைம்பெண்கள் இருக்கிற வீட்டில் குங்குமம் எங்கே இருக்கும்? பெட்டி, அலுமாரி எல்லாம் கொட்டித் தேடினேன். அடுத்த வீட்டுக்குப் போனேன். தம்பியின் பெண்சாதியிடம் போனேன். மழையில் நனைந்துகொண்டு, ஒரு துளி குங்குமம் தாருங்கோ என்று வீடு வீடாகக் கேட்டேன். ஒருத்தியும் திட்டவில்லை. எல்லோருக்கும் கண் கலங்கியது. ஆனால் வெள்ளைச் சேலைக்காரிக்குக் குங்குமம் எடுத்துக் கொடுக்கிற துணிவு ஒருத்திக்கும் வரவில்லை. தங்கள் புருசன்மாருக்கு ஏதும் வந்துவிடும் என்ற பயம். "தை பிறக்கட்டும் அக்கா, நானே என்ரை கையாலை வைச்சுவிடுறன்" என்றாள் தம்பியின் பெண்சாதி.

வெறும் நெற்றியோடுதான் திரும்பி வந்தேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. அன்றைக்குத்தான் கிடுகைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தேன். கண் திறந்திருந்தது, வாசலைப் பார்த்தபடி. உடம்பில் சூடு இருந்தது. நீங்கள் கப்பலுக்குப் போன நாளுக்குப் பிறகு நான் உங்களைத் தொட்டது அன்றைக்குத்தான்.

ஊர் கூடியது. தம்பி அழுதான், ஆனால் கொள்ளி வைக்க வரவில்லை. ஏற்கனவே வைத்தவன். ஐயரும் வரவில்லை. வண்ணக்கர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ஒரு ஆளுக்கு ரெண்டு கொள்ளி இல்லை. புதுசாப் பிறந்தவன் எண்டு எடுத்தாலும், இன்னும் பேர் வைக்கேல்லை. பேர் வைக்காத பிள்ளையைப் புதைக்கிறதுதான் முறை."

வாடிக்குப் பின்னால் மணலில் குழி தோண்டினார்கள். சங்கு இல்லை, பந்தம் இல்லை. கூடி அழ நான்கு பெண்டுகள் இல்லை. துடக்கு, தீட்டு ஒன்றும் இல்லை என்றார்கள், எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டார்கள். தொட்டிலில் செத்த குழந்தையைப் போல உங்களை மூடினார்கள். எண்ணெயில் ஊறிக் கிடந்த யாரோ ஒருவனுக்கு முறை ஒன்றும் குறையாமல் செய்த அதே ஊர்.

எல்லோரும் போன பிறகு மாமி வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு அந்த மணலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, அண்டைக்கு நான் ஆரின்ரை மகனை எரிச்சனான்?"

இருந்த காலம் முழுக்க அவர் அதற்குப் பிறகு வேறொன்றும் பெரிதாகக் கதைக்கவில்லை.

நீங்கள் சொன்னபடிதான் நடந்தது. வெள்ளைக்காரன் இந்தியாவை விட்டுப் போனான். பிறகு இங்கேயிருந்தும் போனான். நகரத்தில் வெடி கொளுத்தினார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டு தின்ன ஒரு பணிஸ் தந்தார். நான் அதை வாங்கிக்கொண்டு கடற்கரை வழியாக வந்தேன். உங்களிடம் சொல்ல நினைத்தேன். எந்த இடத்தில் நின்று சொல்வது? மணலைக் கடல் எடுத்துவிட்டது. வாடியும் இல்லை. உங்கள் பேரை எங்கேயும் யாரும் வாசிக்கவில்லை. நீங்கள் யாருடைய விடுதலைக்குப் புல் தின்றீர்கள் என்று கேட்கவும் யாருமில்லை.

குண்டு விழுந்த காலத்தில் எரித்தோமே, அந்தத் திதிக்கு இன்றைக்கும் உங்கள் தம்பி கடற்கரையில் எள்ளுத் தண்ணீர் விடுகிறான். முறையாகச் செய்தது அது ஒன்றுதான், அதை விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐயர் உங்கள் பேரைச் சொல்வார். நான் பின்னால் நிற்பேன். எனக்கு அந்த நெடிய ஆள்தான் கண்ணுக்குள் வருவான். பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவனுக்காகவும் ஒருத்தி அழட்டும் என்று அழுவேன். மார்கழியில் உங்களுக்கு ஒன்றும் இல்லை. பேர் வைக்காத பிள்ளைக்குத் திதி ஏது?

போன கிழமை ஆசுப்பத்திரியில் ஒரு சின்னத் தாதிப் பிள்ளை என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "ஐயா தவறிப்போய்க் கனகாலமோ அம்மா?" என்று கேட்டாள். என்ன சொல்வது? என் தாலி இறங்கியது இன்னொருவனுக்காக. என் நெற்றியைத் துடைத்தது அவனுக்காக. உங்களுக்காக என்னிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை, எடுக்க ஒன்றும் இருக்கவுமில்லை. உங்களுக்கு நான் இன்னும் கைம்பெண் ஆகவில்லை. பெண்சாதியாகத்தான் இருக்கிறேன், தை பிறக்கக் காத்திருந்த அந்தப் பெண்சாதியாக. இதைத்தான் இத்தனை வருசமாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். இறக்கி வைக்க ஓர் இடம் இல்லை.

நான் போகிற அன்றைக்குக் கைம்பெண் என்று சொல்லித்தான் என்னைக் குளிப்பாட்டுவார்கள். வெள்ளைச் சேலையைத்தான் உடுத்துவார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு அப்போது வாய் இருக்காது.